சாமிக்கு வைத்த பரீட்சை

கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் குருநாதனுக்குப் பெண் பார்ப்பதில் அனுபவம் ஏராளம், பலன் பூஜ்யம். சிக்கல் என்ற ஊரில் பார்த்த இராமலட்சுமிதான் முதன்முதலாக அவனிடம் கேள்வி கேட்டவள். என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்றாள். நிச்சயமில்லாத விஷயத்தை எவ்வளவு நிச்சயமாகச் சொல்லலாம் என்று கணக்குப் போடும் பாடம் என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே மனுஷன் விழுந்துவிட்டான்.

ஆனால் அவனுடைய அய்யா வீரையாவுக்குச் சாமி உத்தரவு வேண்டும். பூக்கட்டிப் பார்க்காமல் சம்பந்தம் கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை சிக்கல் அய்யனார் கோயிலில் கூடினார்கள். பெண் வீட்டிலிருந்தே இரண்டு இலைப் பொட்டலங்கள் கட்டி வந்தன. ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு அரளி என்று ஏற்பாடு. வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் ஊர் திரும்ப சாயல்குடி பஸ் என்று வீரையா அறிவித்தார். பெண்ணின் அய்யா சின்னச்சாமி ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கு மறுபேச்சுப் பேசுவது மரியாதையில்லை. இராமலட்சுமி கோயிலுக்கு வெளியே பொங்கல் பானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

பூசாரி மூக்கையா பொட்டலங்களைத் தட்டில் குலுக்கி ஒன்றைப் பிரித்தார். சிவப்பு.

வீரையா எழுந்துவிட்டார். குருநாதன் வாத்தியாராகிவிட்டான். சாமி கண்ணசந்திருந்தாலும் பாதிக்குப் பாதி சிவப்பு வரும், ஒரு தடவையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, புதிதாக ஐந்து தடவை எடுக்கலாம் என்றான். ஐந்தும் சிவப்பாகத் தற்செயலில் வருவதற்கு முப்பத்திரண்டில் ஒரு வாய்ப்புதான். அப்படி வந்துவிட்டால் இது தற்செயலில்லை என்று ஒப்புக்கொண்டு பஸ் ஏறுவதாக வாக்கும் கொடுத்தான். தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொள்ளப் படித்தவனுக்குத்தான் வரும்.

மூக்கையா எடுத்தார், பிரித்தார், மறுபடி கட்டிக் குலுக்கினார். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. ஐந்தாவது தடவை பிரிக்கையில் குருநாதன் தட்டுக்கு மேலேயே குனிந்துவிட்டான். அதுவும் சிவப்பு.

"ஏலே, ஒன் கணக்கு என்ன சொல்லுது?" என்றார் வீரையா.

"தற்செயல் இல்லைய்யா."

"அப்பக் கெளம்பு."

வாசல்வரை போனவனுக்கு, ஆண்டுதோறும் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துவது நினைவுக்கு வந்தது. தற்செயல் இல்லை என்பதோடு சோதனையின் வேலை முடிந்தது. காரணம் யார் என்று அது சொல்லாது. திரும்பி ஓடி, தட்டில் கிடந்த மற்றப் பொட்டலத்தைப் பிரித்தான்.

அதிலும் சிவப்பு.

எல்லோரும் சின்னச்சாமியைப் பார்த்தார்கள். "நான் கட்டலைங்க சம்பந்தி," என்று அவர் பொங்கல் பானைப் பக்கம் கையைக் காட்டினார். "அவதான் கட்டுனா."

இராமலட்சுமி கரண்டியோடு வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவள் முகமும் அந்தப் பூவின் நிறத்துக்கே போயிற்று.

"எங்க ஊர்ல சிவப்புதான் நல்ல உத்தரவு மாமா," என்றாள் வீரையாவிடம். "சாமி தெரியாமக் கிரியாம வெள்ளைய எடுத்துக் குடுத்துட்டா நான் என்ன செய்யிறது?"

வீரையா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார். மீசை ஒத்துழைக்கவில்லை. கடைசியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பொங்கல் வெந்துவிட்டதா என்று மருமகளைக் கேட்டார்.

மூக்கையாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ஒரு வெள்ளைப் பூவைப் பறித்து வந்து, இனி நியாயமாக ஒரு தடவை பார்த்துவிடலாமா என்றார். சோதனை என்றால் உயிரை விடும் குருநாதன் அவர் கையிலிருந்த வாழையிலைத் துண்டைப் பிடுங்கி, பொங்கலுக்கு நீட்டினான்.