மேல்முறையீட்டுக் கட்டு

பதினொன்றே கால். அப்பாவை மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். அவள் நீதிமன்றப் பதிவறைச் சன்னலுக்குள் ஒரு துண்டுச்சீட்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

குமாஸ்தா அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"இது கீழ்க்கோர்ட் நம்பர். தண்டனை கொடுத்த இடம். அங்க போய்க் கேளும்மா."

"தண்டனை கொடுத்தது ஊருக்கே தெரியும்க்கா. அப்பீல்ல விடுதலை ஆனாரு. அந்தத் தீர்ப்பு வேணும்."

"அப்பீலுக்கு வேற நம்பர். கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது. வருஷமாவது தெரியுமா?"

தெரியும். அவள் கல்யாணம் நடந்த வருஷம். இரண்டு வருஷத் தண்டனையையும் சிறையில் கழித்துவிட்டு வந்த பிறகும் அப்பாவின் அப்பீல் இழுத்துக்கொண்டே போனது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வாசலில் செருப்பைக் கழற்றியபடி சொன்னார்: "விடுதலை ஆயிடுச்சும்மா." அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அப்பா கிடங்குக் காவலாளி. ஒரு மதியம் கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். உள்ளே தீப்பிடித்தது. செத்த இருவரில் ஒருவன் அண்ணனின் கூட்டாளி. உள்ளே ஆள் இருந்தது தெரியாது என்றார் அப்பா. அண்ணன் நம்பவில்லை. அன்று வீட்டை விட்டுப் போனவன் இன்று காலைதான் வந்தான். படியேறவில்லை. எதிர்ச்சாரியில் நின்று போனை நீட்டினான். அதில் கீழ்க்கோர்ட் தீர்ப்பு மட்டும் இருந்தது.

"விடுதலைன்னு ஒரு தாள் காட்டு. வந்து மொகத்தப் பாக்கறேன். இல்லேன்னா இப்படியே போயிடறேன்."

குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினாள். "அந்த வருஷம் உங்கப்பா பேர்ல மட்டும் ஏழு பேரு. பேருக்கு அப்படி என்ன பஞ்சமோ." பிறகுதான் அவளுடைய வீங்கிய கண்களைக் கவனித்தாள். "எதுக்கும்மா இவ்வளவு அவசரம்?"

"அப்பாவ வீட்ல கெடத்தியிருக்கு."

குமாஸ்தா எழுந்துவிட்டாள். "நகல் ஒரு வாரம் ஆகும். கேஸ் கட்டைப் பாக்கறதுன்னா இன்னிக்கே பாக்கலாம். கோர்ட்ல எல்லார் முன்னாடியும் நடந்ததுதானே."

"போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

இரண்டு மணிக்குக் கட்டு வந்தது. சணல் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் அவிழ்த்தாள். அப்பா பெயர். தாத்தா பெயர். பழைய முகவரி. அவர்தான்.

உத்தரவு நாலே வரி. மேல்முறையீட்டாளர் நேரில் ஆஜராகி, வழக்கை மேற்கொண்டு நடத்த விரும்பவில்லை என மனு அளித்ததால் மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது. கீழ் நீதிமன்றத் தீர்ப்பு உறுதி செய்யப்படுகிறது. தேதி, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு.

அடுத்த தாள் அந்த மனு. அப்பாவின் கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் வெறுமையாக இருந்தது.

"கெடச்சுதாம்மா?" குமாஸ்தா சொன்னபடியே சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

கைப்பை அதிர்ந்தது. அண்ணன்.

"பாப்பா."

அவன் அப்படிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அவனுக்குப் பின்னால் ஏதோ வண்டி திரும்பும் சத்தம்.

"வண்டி முன்னாடியே வந்துடுச்சு. எடுத்துடலாம்கறாங்க. நான் உள்ள போகட்டுமா?"