முத்துக்கனியின் மூன்றாவது ரிப்போர்ட்

உப்பளத்துப் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தாலும் குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடம் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தியும் வரப்பும்தான், மறைவுக்கு ஒரு செடி இல்லை. ஆறுமுகநேரி முத்துக்கனி இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் உப்பு சுமந்தாள். தாகத்தைப் பழகிவிட்டாள். மூட்டு வலிக்கு மட்டும் தினம் ஒரு மாத்திரை.

அளத்தில் மெடிக்கல் கேம்ப் போட்ட அன்று அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஐந்து என்று, இருக்க வேண்டியதற்கு மேலே வந்தது. தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே டாக்டர் கிளாடிஸ் தாளைப் பார்த்தார். "கிட்னி சரியா வடிகட்டலையோன்னு சந்தேகமா இருக்கு. ஆனா ஒரு ரிப்போர்ட்ட வச்சு முடிவு பண்ண மாட்டோம். மூணு மாசம் வரைக்கும் விட்டு விட்டுப் பாக்கணும். அப்பவும் இறங்கலைன்னாதான் நாள்பட்ட சீக்கு. தினம் வலி மாத்திரை போடுறதா சொன்னீங்கல்ல, அத நிப்பாட்டுங்க. தண்ணி நல்லா குடிங்க."

"குடிக்கேன் டாக்டரம்மா" என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

கிட்னி என்றாலே அவளுக்குப் பயம். கொழுந்தன் சுடலைக்கண்ணன் வாரம் இரண்டு டயாலிசிஸ் என்று ஒன்றரை வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து போய்ச் சேர்ந்தான். முத்துக்கனிக்குப் புருஷனும் இல்லை. மகள் பானுப்ரியா காலேஜில் இரண்டாம் வருடம். தான் படுத்தால் அந்தப் படிப்பு அன்றோடு நின்றுவிடும். அன்றிலிருந்து ராத்திரித் தூக்கம் போனது.

மாத்திரையை விட்டாள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். தண்ணீர் விஷயம் மட்டும் நடக்கவில்லை. வீட்டில் குடித்தாள், அளத்தில் வாயைக் கட்டினாள். ஒரு மாதம் கழித்து, அரை நாள் வேலையை முடித்து, காலில் காய்ந்த உப்போடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தாள்.

ஒன்று புள்ளி ஏழு.

டாக்டர் அவளையே பார்த்தார். "உண்மையச் சொல்லுங்க. வேலைக்குப் போனா மத்தியானம் வரைக்கும் எத்தன தடவ யூரின் போவீங்க?"

"போறதில்ல."

"ஒரு தடவ கூடயா?"

"எங்கன போறது டாக்டரம்மா? சுத்தி ஆம்பளையளும் லாரியுமா நிக்கும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப இந்த நம்பர் சீக்கால வந்ததா, தாகத்தால வந்ததான்னு எனக்கே தெரியல. ரெண்டு மாசம் ஒழுங்கா தண்ணி குடிச்சிட்டு வாங்க. அப்பதான் நெசம் தெரியும்."

மறுநாள் காலையிலேயே முத்துக்கனி கங்காணி சங்கரபாண்டியன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, பொம்பளையளுக்கு ஒரு மறைப்பு வேணும்."

"என்ன, அளத்துல மாளிகை கட்டச் சொல்லுதியா?"

"மாளிகை வேண்டாம். நாலு கம்பும் ஒரு பழைய தார்ப்பாயும் போதும்."

"முதலாளி கேட்டா நான் என்ன சொல்ல?"

"மோள எடம் கேக்காளுவன்னு சொல்லுங்க. உங்களுக்கு வெக்கமா இருந்தா நானே வந்து சொல்லுதேன்."

பின்னால் கூடையோடு நின்ற சண்முகசுந்தரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கங்காணிக்குக் காது சிவந்துவிட்டது. உப்புக் குவியலை மூடிக் கிழிந்துபோன தார்ப்பாய் ஒன்றைக் கையால் காட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினொரு பெண்கள் சேர்ந்து பத்தே நிமிடத்தில் கட்டி முடித்தார்கள். முதலில் உள்ளே போய் வந்த சண்முகசுந்தரி சொன்னாள்: "ஏளா, இத்தன வருசம் அடக்குனத விட்டுருந்தா ஒரு குளம் நெறஞ்சிருக்கும்."

அதற்குப் பிறகு முத்துக்கனி மணிக்கு ஒரு தரம் குடித்தாள். தாகம் இல்லாவிட்டாலும் மருந்து மாதிரி குடித்தாள்.

இரண்டு மாதம் கழித்து மூன்றாவது ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவள் அதைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. அப்படியே டாக்டரிடம் நீட்டினாள்.

"பாயிண்ட் ஒம்பது" என்றார் டாக்டர். "யூரின்ல புரோட்டீனும் போகல. ஸ்கேனும் நல்லாருக்கு. உங்களுக்குக் கிட்னி சீக்கு இல்ல."

"நல்லாப் பாத்தியளா? என் பேருதானா?"

"உங்க பேருதான். ஆனா இத்தோட விட்டுறாதீங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து ரத்தம் குடுக்கணும். மறுபடி வெயில்ல காஞ்சு கிடந்தா உண்மையிலேயே வந்துரும்."

"வாரேன், கண்டிப்பா வாரேன்" என்றாள். வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டு, "ஒண்ணும் இல்லளா" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தூத்துக்குடி எல்லை தாண்டும் முன்பே தலை சாய்ந்துவிட்டது. கண்டக்டர் தோளருகே சீட்டைத் தட்டி எழுப்பியபோது பஸ் காலியாக நின்றது.

"யம்மா, திருச்செந்தூர் வந்தாச்சு. எங்க இறங்கணும்?"

"ஆறுமுகநேரி."

"அது எப்பவோ போயிட்டே."

இறங்கி நின்றாள். போன் அடித்தது. சண்முகசுந்தரி.

"ஏளா, எங்கன கெடக்க? ரிப்போர்ட் என்னாச்சு?"

"திருச்செந்தூர்ல நிக்கேன்."

"அங்கன என்னத்துக்குப் போன?"

"தூங்கிட்டேன்ளா" என்றாள் முத்துக்கனி. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அசந்து தூங்கிட்டேன்."