கொதிநீர் ஊற்றிய வைக்கோல்

வாசலூர்பட்டியில் கண்ணாயி நட்டு வளர்த்த மிளகுக் கொடிகள் இருபத்திரண்டும் மஞ்சளித்துவிட்டன. இரண்டாயிரத்து நாலு, ஆடி மாதம். மழை பெய்தும் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. வேரைப் பறித்துப் பார்த்தால் கடுகு கோத்ததுபோல முடிச்சு முடிச்சாக இருந்தது. முடிச்சுக்கு முடிச்சு, கண்ணுக்குத் தெரியாத நூற்புழு உட்கார்ந்து சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

“ஆவணி பொறக்கட்டும், புள்ள. வெட்டிப்போட்டுக் கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போயிரலாம்,” என்றான் கணவன் செல்லமுத்து.

“நான் வரலீங்க. அதுக்குள்ள காளான வெச்சுத் தேத்திக் காட்டறேன்.”

“உன்ற காளானு மருந்தாக்கும்! கொழம்புக்குத்தான் ஆகும்.”

அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. கொட்டகையில் வைக்கோல் பைகளில் சிப்பிக் காளான் வளர்த்தாள். அதற்குப் பயிற்சி எடுத்தபோது மைக்ராஸ்கோப்பில் ஒன்று பார்த்திருந்தாள். காளான் என்றால் வெளியே தெரியும் குடை மட்டுமல்ல. வைக்கோலுக்குள் ஓடும் வெள்ளை நூல்தான் அதன் உடம்பு. வைக்கோலில் கிடைக்காத சத்துக்காக அந்த நூல் வேட்டையாடுகிறது. நூலில் ஆங்காங்கே மயிரைவிடச் சன்னமான காம்பு, காம்பு நுனியில் ஒரு நச்சுத் துளி. நெளிந்து வந்த புழு அதைத் தொட்டது. அவ்வளவுதான். சில நிமிடத்தில் பக்கவாதம் கண்டவனைப்போல விறைத்துக் கிடந்தது. பிறகு நூல்கள் தேடி வந்து அதன் வாய்வழியே உள்ளே நுழைந்தன.

மண்ணிலும் இது நடக்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஆனாலும் காய்ப்பு ஓய்ந்த பைகளைப் பிரித்து வைக்கோலைக் கொடிகளின் அடியில் போட்டு மூடினாள். மூன்று வாரம் ஆயிற்று. கொடிகள் இலையை உதிர்த்தன.

ஆடிக் கடைசியில் அந்த வைக்கோலைக் கிளறினாள். வெள்ளை நூல் எங்கும் இல்லை. கறுத்து அழுகிக் கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. பழைய பையிலிருந்து ஈ பரவாமலிருக்க, வெளியே போடுமுன் கொதிநீர் ஊற்றப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். கை பழகிப்போன வேலை. வேட்டைக்காரனை வேகவைத்து வேட்டைக்கு அனுப்பியிருக்கிறாள்.

தலையில் அடித்துக்கொண்டு, காய்ப்பிலிருந்த பைகளையே தூக்கி வந்தாள். கொடியின் அடியைத் தோண்டியதும் கை நின்றது. நல்ல வேர் ஒன்றுகூட மிச்சமில்லை. மண்ணில் திரியும் புழுவைத்தான் நூல் பிடிக்கும். முடிச்சுக்குள் குடியேறியதை அது எட்டாது.

“ஏனுங்க, அந்தக் கொடுவாளக் குடுங்க.”

“விடு, நான் வெட்டறேன்.”

“இல்லீங்க. நான் வெச்சது.”

இருபத்திரண்டையும் அவளே வெட்டினாள். அழுதுகொண்டே தண்டுகளைப் பொறுக்கினாள். புழு வேரில்தான், மண் தொடாத தண்டில் இல்லை. பச்சை மிச்சமிருந்த ஒன்பது தேறின. தள்ளிப் புதுக்குழி தோண்டி, குடை விரித்திருந்த பைகளைக் கிழித்துப் போட்டு, நடுவில் தண்டுகளை ஊன்றினாள்.

“சந்தைக்குப் போற காளானப் பொதைக்கறியே, பைத்தியமா?”

“இது கொழம்புக்கு இல்லீங்க.”

ஆவணி முதல் நாள் செல்லமுத்து மட்டும் பஸ் ஏறினான். “துளிர் வந்தாச் சொல்லி உடு.”

“வராட்டி?”

“வராட்டி நீயும் வந்துரு, கண்ணு.”

தினமும் காலையில் வைக்கோலை விலக்கிப் பார்த்தாள். வெள்ளை நூல் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதில் நாலு தண்டு கறுத்துவிட்டது. மற்ற ஐந்தையும் நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை. துளிர் இன்னும் இல்லை.