டாக்டர் நெவலின் வலது கை

அன்று காலை ரெமி, வேகவைத்த முட்டையின் தலையைக் கத்தியால் தட்டி எடுத்துவிட்டு, அதைச் சாப்பிடாமல் கேப்டன் ஹால்டர் படக்கதை வரிசையில் ஒன்பதாம் புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முட்டை ஆறுது,” என்றாள் கோதலீவா.

“ஆறட்டும். இந்தக் கையப் பாரு.”

“கல்யாணம் ஆனதுலேருந்து அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“நீ எங்க பாத்த? திட்டத்தான் செஞ்ச.”

அந்தப் பக்கத்தின் மூலையில் ஒரு சின்னப் படகு. படகில் டாக்டர் நெவல், கேப்டன் ஹால்டரின் ஜென்ம விரோதி, துடுப்புப் போட்டபடி பனிமூட்டத்துக்குள் போய்க்கொண்டிருப்பான். எல்லாப் புத்தகங்களிலும் இரண்டு கைகளிலும் கறுப்புக் கையுறை போடுகிறவன் அவன். இந்த ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் வலது கை வெறுங்கை. அடுத்த பக்கத்தில் கையுறை திரும்ப வந்துவிடும்.

“நிறம் போட்டவன் தூங்கிட்டான். கறுப்புக்குப் பதிலா ரோஸ் அடிச்சிட்டான். அவ்வளவுதான்,” என்றாள் அவள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

“அவன் தூங்கல. நீதான் தூங்கற.”

சொல்லிக்கொண்டே ரெமி கரண்டியை முட்டைக்குள் விட்டார். பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தது. சட்டைக் கையால் துடைத்தார். அது இன்னும் பரவியது. கோதலீவா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதானோ என்னவோ, சட்டென எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். முடிவெட்டிக்கொள்ளப் போகவேண்டிய நாள் அது.

“நவம்பர்ல கவனிச்சுக்கறேன் உன்ன,” என்றார் வாசலில் நின்று.

“வழக்கம்போலத் தோத்துட்டு வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத,” என்றாள் அவள்.

முடிதிருத்தும் கடை நாற்காலியில், கழுத்தைச் சுற்றித் துணி கட்டிய நிலையில், ரெமியின் இதயம் நின்றுபோயிற்று. ஒரு பக்கம்தான் வெட்டி முடிந்திருந்தது. மூன்றாம் நாள் அந்தக் கடைக்காரர் தானாகவே தன் பெட்டியோடு வந்து, சவப்பெட்டியில் கிடத்துவதற்கு முன் மறுபக்கத்தையும் வெட்டி முடித்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை. கோதலீவா அன்று அழுதது அதற்காகத்தான்.

ஒஸ்டெண்ட் நகரில் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே கிறிஸ்தியான் நடத்தும் கஃபேயில், பின்னறைதான் அவர்கள் சங்கம். கேப்டன் ஹால்டர் ரசிகர்கள் மாதம் ஒருமுறை அங்கே கூடி பீர் குடித்தபடி சண்டை போடுவார்கள். ரெமி பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டே வாழ்ந்தவர், வில்லன் கட்சி. மருந்துக்கடையில் வேலை பார்த்த கோதலீவா, கேப்டனின் கப்பல் சமையல்காரன் ஸ்ப்ரோட்டின் கட்சி. டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற ஃபிர்மின் கேப்டன் கட்சி. கேப்டனை யாராவது குறை சொன்னால் தன் அம்மாவைச் சொன்னதுபோல முகம் சிவந்துவிடும்.

கஃபேயில் ஹீரோக்களின் படங்களும் அவர்களுடைய கூட்டாளிகளின் படங்களும் மதுக் கவுண்டருக்கு மேலே மாட்டியிருக்கும். வில்லன்களுக்கு இடம், கழிப்பறைக்குப் போகும் நடையில். ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு வில்லனை நடையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து, நாற்காலியில் உட்காரவைத்து, அவன் முன்னால் ஒரு கறுப்பு பீரையும் வைத்து விசாரணை நடத்துவார்கள். ‘இவனிடம் ஒரு துளி நல்லதும் இல்லை’ என்பதுதான் எப்போதும் குற்றச்சாட்டு. ஒருவர் குற்றம் சாட்டுவார், ஒருவர் காப்பாற்றுவார். மற்றவர்கள் மட்டி வேகவைக்கும் பானையில் ஆளுக்கொரு மொச்சை போடுவார்கள். பழுப்பு அதிகம் விழுந்தால் குற்றவாளி, திரும்ப நடைக்கு. வெள்ளை அதிகம் விழுந்தால் கவுண்டருக்கு மேலே இடம். வருஷா வருஷம் ரெமி நெவலையே கொண்டுவந்து அவனுக்காக வாதாடுவார். எதிர்த்து நிற்பது கோதலீவா. வீட்டிலிருந்து ஒரே குடையில் வருவார்கள். தோற்ற ரெமியும் ஜெயித்த கோதலீவாவும் அதே குடையில் திரும்பிப் போவார்கள். நெவலின் பீரை கிறிஸ்தியான் தொட்டியில் கொட்டுவாள்.

அக்டோபர் கடைசியில் கிறிஸ்தியான் போன் செய்தாள்.

“இந்த வருஷம் வேண்டாம்னு விட்டுடலாம்டி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“விட்டா நெவல் என்ன ஆவான்?”

கிறிஸ்தியான் கொஞ்சம் இழுத்தாள். “வாதாட ஆள் இல்லாதவன் பரணுக்குப் போகணும். அப்படித்தான் சட்டம்.”

“யார் எழுதின சட்டம் அது?”

“உன் வீட்டுக்காரர்தான். வேற யாரு இவ்வளவு கிறுக்குத்தனமா எழுதுவாங்க?”

கோதலீவா சிரித்துவிட்டாள். அவர் போனபிறகு முதல் சிரிப்பு. அது வெளியே வந்தபிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

“யார் குற்றம் சாட்டப் போறது?”

“ஃபிர்மின் ரெடி. ஆனா உனக்காக வேணாம்னாலும் சரிங்கறார்.”

“வேணும்னு சொல்லு. நெவலுக்கு நான் வாதாடறேன்.”

போனை வைத்தபிறகுதான் சிக்கல் புரிந்தது. ரெமியின் வாதங்கள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். அவை ஒவ்வொன்றுக்கும் பதிலும் மனப்பாடம். பதில் சொன்னவளே அவள்தானே! ஒன்பதாம் புத்தகத்தில் நெவலின் நீர்மூழ்கி மூழ்குகிறது. உள்ளே ஓர் அறையில் ஸ்ப்ரோட் பூட்டிக் கிடக்கிறான், தண்ணீர் கழுத்துவரை ஏறிவிட்டது. அடுத்த கட்டத்தில் அவன் கரை மணலில் இருமிக்கொண்டு கிடக்கிறான். “அலை உன்னைக் கரை சேர்த்திருக்கிறது!” என்கிறார் கேப்டன். நெவல்தான் திரும்பிப் போய்க் கதவைத் திறந்தான், கதவைத் திறக்கும் ஈரச் சக்கரத்தில் கையுறை வழுக்கியதால் கழற்றி எறிந்தான் என்பது ரெமியின் கட்சி. நிறம் போட்டவன் தப்பு என்று அவள் ஒரு வரியில் முடித்துவிடுவாள். கூட்டம் சிரிக்கும். பழுப்பு மொச்சை விழும்.

ரெமி பேசியது போலவே கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தாள். அவளே நம்பவில்லை.

வேறு வழியில்லாமல் புத்தகங்களை முதலிலிருந்து எடுத்தாள். இதுவரை அவள் படித்ததெல்லாம் ஸ்ப்ரோட்டுக்காக. நெவல் வருகிற கட்டங்களைப் பார்க்காமலே தாண்டிப் போவாள். ரெமி நேர்மாறு, நெவல் இல்லாத பக்கங்களை அவர் பிரித்திருந்தாலே அதிசயம். ஒரே அலமாரி, ஒரே புத்தகங்கள், ஆளுக்கொரு கதை. இப்போது அவருக்காக நெவலையும் சேர்த்துப் படித்தாள். பதினான்காம் புத்தகத்தில், நெவல் விலங்கோடு கப்பலில் ஏற்றப்படும் இடத்தில், அவள் விரல் நின்றது. மறுபடி பன்னிரண்டை எடுத்தாள். பத்தை எடுத்தாள். எட்டை எடுத்தாள். மேஜை நிறைந்து, தரையிலும் புத்தகங்கள் பரவின.

“அடப்பாவி,” என்றாள், காலியாக இருந்த எதிர் நாற்காலியைப் பார்த்து. “நீ சொன்னது சரியா இருக்கும்போல இருக்கே.”

விசாரணை நாளில் மழை. குடையை அவள் ஒரு பக்கமாகச் சாய்த்தே பிடித்து வந்ததில் இடது தோள் நனைந்திருந்தது. பின்னறையில் உட்கார இடமில்லை. நெவலின் படம் நாற்காலியில் சாய்ந்து, முன்னால் நுரை பொங்கும் பீரோடு, எல்லாரையும் அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஃபிர்மின் எழுந்தார். டை கட்டி வந்திருந்தார்.

“இவன் எத்தனை கப்பல மூழ்கடிச்சான், எத்தனை பேரக் கடத்தினான்னு நான் சொல்லப் போறதில்ல. அந்தக் கை ஒண்ணுதான் இவங்க கேஸு. அதுக்கு நான் புதுசா ஒண்ணும் சொல்லப் போறதில்ல. போன வருஷம் நம்ம மருந்துக்கடை மேடம் சொன்னதயே சொல்றேன்: நிறம் போட்டவன் தப்பு! அதுக்கு முந்தின வருஷம்? நிறம் போட்டவன் தப்பு! என்ன மேடம், மறந்துட்டீங்களா?”

அறை அதிர்ந்தது. கோதலீவாவும் சிரித்தாள்.

“நல்லா சொன்ன ஃபிர்மின். நான் சொன்னதவிட நல்லாவே சொன்ன.”

“இன்னொண்ணு. நிஜமாவே இவன் காப்பாத்தியிருந்தா, பன்னெண்டாம் புத்தகத்துல கோர்ட்டுல தீர்ப்பு சொல்லும்போது வாயத் தெறந்து சொல்லியிருப்பான்ல? ஒரு உயிரக் காப்பாத்தினேன்யா, தண்டனையக் கொறைங்கன்னு கேட்டிருப்பான்ல? ஏன் கேக்கல? ஏன்னா செய்யல! வில்லன்னா வில்லனா இருக்கணும். நல்லவனாக்கிட்டா அப்புறம் நாம யாரத் திட்றது? கிறிஸ்தியானோட காபியயா?”

“என் காபிக்கு என்னய்யா கொறச்சல்?” என்று கவுண்டரிலிருந்து குரல் வந்தது.

“காபிதான் கொறச்சல்.”

சிரிப்பு அடங்கும்வரை கோதலீவா காத்திருந்தாள். பிறகு எழுந்தாள். கையில் ஒரு காகிதமும் இல்லை.

“கையப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல கரண்டியப் பத்திப் பேசலாம். ஸ்ப்ரோட்டுக்குக் கோபம் வந்தா என்ன செய்வான்?”

“கரண்டிய எறிவான்!” பத்துப் பதினைந்து குரல்கள். சின்ன வயதிலிருந்து எல்லாரும் சிரித்த வேடிக்கை அது.

“நெவல் பிடிபட்டா?”

“மண்டையிலேயே எறிவான்!”

“எல்லாப் புத்தகத்துலயுமா?”

“எல்லாத்துலயும்!” என்றார் ஃபிர்மின்.

“சரி. ஒன்பதாம் புத்தகத்துக்கு அப்புறம் நெவல் மேல எறிஞ்ச ஒரு கட்டத்தக் காட்டு. ஒண்ணு போதும். காட்டினா நான் இப்பவே உக்காந்துடறேன்.”

ஒரே நேரத்தில் எல்லாரும் சங்கத்து அலமாரிக்குப் பாய்ந்தார்கள். புத்தகங்கள் கைமாறின. “பத்துல மாலுமி மேல எறியறான்.” “பதிமூணுல அந்தத் தூதர் மேல.” “பதினாறுல கேப்டன் மேலயே எறியறான்யா!” “அது தெரியாம பட்டது,” என்றார் ஃபிர்மின் கோபமாக, தன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே. நெவல் மேல் மட்டும் ஒன்றும் இல்லை.

சட்டென்று ஃபிர்மின் மேஜையைத் தட்டினார். “இந்தா! பதினோராம் புத்தகம்! நெவல் நிக்கறான், கரண்டி பறந்து வருது. உக்காருங்க மேடம், உக்காருங்க!”

கோதலீவா உட்காரவில்லை. அந்தப் பக்கத்துக்காகத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஸ்ப்ரோட்டின் எந்தக் கரண்டி எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று அவளைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

“கரண்டி யார் மேல விழுது?”

“நெவல்...” ஃபிர்மின் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு குனிந்தார். “பக்கத்துல காவலாளி ஒருத்தன் நிக்கறான்.”

“அவன் கையில என்ன?”

“தடி.”

“தடியால என்ன செய்றான்?”

ஃபிர்மின் நிமிரவில்லை. அறை முழுக்க அவரையே பார்த்தது. கேப்டனுக்காக எதையும் செய்கிறவர்தான். ஆனால் படத்தில் இருப்பதை இல்லை என்று சொல்கிற ஆள் இல்லை.

“நெவல அடிக்கறான்,” என்றார் மெதுவாக. “கரண்டி காவலாளி மண்டையில விழுது.”

“ஆமா,” என்றாள் கோதலீவா. “எட்டுவரைக்கும் நெவலோட மண்டைய ஒடைச்சவன், பதினொண்ணுல நெவல அடிக்கறவன் மண்டைய ஒடைக்கறான். நடுவுல இருக்கறது ஒன்பது. பூட்டின அறையில இருந்தவன் ஸ்ப்ரோட். கதவ யார் தெறந்தாங்கன்னு அவனுக்குத் தெரியாதா? அலையாம் அலை! அலைக்குச் சக்கரத்தத் திருப்பத் தெரியுமா? நிறம் போட்டவன் ஒரு கட்டத்துல தூங்கலாம். கதை எழுதினவன் பத்துப் புத்தகத்துக்குத் தூங்குவானா?”

நெவலின் பீர்க் குவளையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“கோர்ட்டுல ஏன் சொல்லலன்னு கேட்டியே ஃபிர்மின். நம்ம கேப்டன் நல்லவர்தான், ஒத்துக்கறேன். ஆனா ஒவ்வொரு புத்தகத்துலயும் கடைசிப் பக்கத்துல அவர் போட்டோ பேப்பர்ல வரும். நெவல் ஒரே ஒரு நல்லது செஞ்சான். அத வெச்சுப் பேரம் பேச அவனுக்குக் கௌரவம் இடம் கொடுக்கல. ஸ்ப்ரோட்டுக்கு அது தெரியும், அவனும் சொல்லல. இத்தனை வருஷம் அந்தக் கைய ஒருத்தர்தான் பாத்தார். நாம எல்லாரும் சிரிச்சோம். அவர் ஒரு வருஷம்கூட வராம இருந்ததில்ல. என் கட்சிக்காரனுக்காக இவ்வளவுதான்.”

உட்கார்ந்தாள். கைதட்டல் இல்லை, ரெமி எழுதிய சட்டப்படி மொச்சை விழும்வரை தட்டக்கூடாது. வரிசையாக எழுந்து போய்ப் பானையில் போட்டார்கள். கிறிஸ்தியான் பானையை மேஜையில் கவிழ்த்தாள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. நடுவில் பழுப்பு ஒன்று.

“அது யாருய்யா?” என்றார் ஃபிர்மின், தான் தோற்றதையே மறந்து.

“நான்தான்,” என்றாள் கிறிஸ்தியான். “வெள்ளன்னு நெனச்சுப் போட்டேன். கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல.”

அப்போதுதான் தட்டினார்கள். மேஜையைத் தட்டினார்கள், தரையில் காலால் தட்டினார்கள். முன்னறையில் டிராமுக்குக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நெவலின் படத்தைக் கோதலீவாவே தூக்கிக்கொண்டு போனாள். ஃபிர்மின் நாற்காலி மேல் ஏறி ஆணி அடித்தார். ஸ்ப்ரோட்டுக்குப் பக்கத்தில்.

“கோணலா இருக்கா?”

“கொஞ்சம்.”

“இருக்கட்டும். அவன் கோணல்தானே.” இறங்கி வந்து பெருமூச்சு விட்டார். “ஆனா ஒண்ணு சொல்லணும், கோதலீவா. ரெமி பாதிதான் கண்டுபிடிச்சான். மீதி நீ கண்டுபிடிச்சது.”

“அவர் கண்டுபிடிச்சதுதான் கஷ்டமான பாதி,” என்றாள் அவள். “என் பாதியப் பாத்து யாரும் சிரிக்கலயே.”

ஜெயித்த வில்லனின் பீரை, அவனுக்காக வாதாடியவர் குடிக்க வேண்டும். அதுவரை யாரும் குடித்ததில்லை. கறுப்பு பீர் கோதலீவாவுக்குப் பிடிக்காது. நுரை அடங்கி வெதுவெதுவென்றிருந்ததை, நின்றபடியே, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். ஃபிர்மின் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஈரக் கோட்டை மாட்டினாள். மேஜையில் ஒன்பதாம் புத்தகம் கிடந்தது. நின்றவாறே அதைத் திறந்தாள். ஓரத்தில் மஞ்சள் கரு காய்ந்திருந்தது. மூலையில் சின்னப் படகு, பனிமூட்டம்.

வலது கையில் கையுறை இல்லை.