துவைக்கிறவர்களுக்கே ஓட்டு

முதலாளி போன பிறகு அந்தச் சலவைக் கூடத்தில் எல்லோருமே முதலாளிதான். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

கிரிவலப் பாதை லாட்ஜுகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறையெல்லாம் அடி அண்ணாமலைக்குப் பக்கத்திலிருக்கும் இந்தக் கூடத்துக்குத்தான் துவைக்க வரும். கூலியை ஏற்ற மாட்டேன் என்று முதலாளி அடம்பிடித்ததால், போன வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள் அங்கே துவைத்துக்கொண்டிருந்த சந்திரகலா மெஷின்களை நிறுத்தினாள். ஊர் முழுக்க ஜனம். விரிக்க ஒரு வெள்ளைத் துணி கிடையாது. லாட்ஜ்காரர்கள் முதலாளியைப் பிடித்து உலுக்கினார்கள். அவர் அடியாட்களை அனுப்பினார். உள்ளிருந்து கதவைத் தாங்கிப் பிடித்த சந்திரகலாவின் வலது கை இரும்பு இடுக்கில் மாட்டி நசுங்கியது. கதவு மட்டும் திறக்கவில்லை. கடைசியில் முதலாளி கூடத்தைத் தொழிலாளர் சங்கத்துக்கே வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பினார்.

உடனே ஒரு கட்சிக்காரர் மாலையோடு வந்துவிட்டார், தலைவராக.

"துவைக்கிறவங்களுக்குத்தான் இங்க ஓட்டு. தலைவரும் வேணாம், மேஸ்திரியும் வேணாம். கெளம்புங்க" என்று கட்டுப் போட்ட கையோடு சந்திரகலா அவரை விரட்டினாள். எல்லோரும் விசிலடித்தார்கள்.

கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. ஈர விரிப்பைப் பிழிய முடியாது, மடிக்கவும் முடியாது. ஆனாலும் அவளுக்குச் சமபங்கு கொடுத்தார்கள். சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்கள். அதற்கு மேல் நன்றியுணர்ச்சியை யாரால் சுமக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கூடவே வேலை செய்யும் முருகையன் பேச்சை ஆரம்பித்தான்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. வேலை செய்யாதவங்களுக்கு எப்படிப் பங்கு தர்றது?"

"கதவாண்ட ஒக்காந்து துணிய எண்ணி வாங்குறேன்டா."

"ஒக்காந்து அதிகாரம் பண்ற ஆளே வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

சிலர் சிரித்தார்கள்.

"சரி, ஓட்டுக்கு வுடு" என்றாள் சந்திரகலா. இந்த ஜனத்தின்மேல் அவளுக்கு இன்னும் அத்தனை நம்பிக்கை, பாவம்.

"உங்களுக்கு ஓட்டு கெடையாதுக்கா. அக்காவ அனுப்பிடலாம்ன்றவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. தூக்க எல்லோருக்கும் ஆசைதான். முதல் ஆளாகத் தூக்கத்தான் வெட்கம். அது தெரியாமல் சந்திரகலாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அப்போது இஸ்திரி மேஜைப் பக்கம் ஒரு கை எழுந்தது. அங்கே வேலை செய்யும் அவள் மகள் சிந்துஜாவின் கை.

பெற்ற மகளே தூக்கிவிட்டாள் என்றதும் மற்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. மளமளவென்று கைகள் எழுந்தன.

"ஏன்டி?" என்றாள் சந்திரகலா.

சிந்துஜா அவள் பக்கம் திரும்பாமல் முருகையனிடம் கேட்டாள்: "அண்ணா, எடம் காலியானா எங்க வூட்டுக்காரரச் சேத்துக்கிறேன்னு சொன்னீங்களே. வெளியதான் நிக்கிறாரு, கூப்பிடவா?"