வலது பக்கம்

'ரூபஸ் அவர்கள் ஆவடி ராணுவ பாக்டரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள்' என்று போனில் அடித்துவிட்டு ஜாஸ்லின் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று மணிக்குப் போதகர் வந்துவிடுவார். அடக்க ஆராதனையில் அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை அவள்தான் வாசிக்க வேண்டும்.

அப்பா ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டியின் வலது பக்கம், சுவரை ஒட்டிய குறுகிய சந்தில் அம்மா சுசீலா நாற்காலியைச் செருகி உட்கார்ந்திருந்தாள். காற்றோட்டமாக ஃபேனுக்குக் கீழே வரச்சொல்லிக் காலையிலிருந்து எத்தனையோ பேர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். அசையவில்லை.

"அம்மா, பாக்டரில அப்பாவுக்கு இன்னா வேல?"

"தெரியாதுடி. வெளிய சொல்லக் கூடாதுன்னாரு. நானும் கேக்கல."

எதிர்ப்பக்கம் அழுதுகொண்டிருந்த வானகரம் அத்தை, அப்பாவின் தங்கை, அழுகையை நிறுத்தினாள். "இன்னா அண்ணி, இத்தினி வருஷம் குடும்பம் நடத்திகினு, எங்கண்ணன் இன்னா வேல செஞ்சாருன்னுகூட தெரியாதா?"

வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச அத்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னப் பத்தி அதுல ஒண்ணும் எழுதாத ஜாஸு. எனக்கு இன்னா தெரியும்."

ஜாஸ்லினுக்கு அத்தை மேல் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா மேலும்தான். ஒரு நாளாவது கேட்டிருக்கக் கூடாதா?

இரண்டரைக்குக் கரையான்சாவடியிலிருந்து சவப்பெட்டி வந்தது. அப்பாவோடு வேலை பார்த்த வரதனும் ஒரு கை கொடுத்தார். உடலை மாற்றித் தலையணையைச் சரிசெய்ததும், அத்தை பெட்டியின் இடது பக்கம் குனிந்து அப்பாவின் காதருகே, "அண்ணா, போய்ட்டு வாண்ணா" என்று கதறினாள்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்றாள் அம்மா. "அவருக்கு அந்தக் காது கேக்காது."

அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாம்மா சொல்ற?" என்றார் வரதன். "இருவது வருஷம் பக்கத்து மிஷின்ல நின்னேன். எனக்கே தெரியாதே."

"யார்கிட்டயும் சொல்லலண்ணா. என்கிட்டயும்தான். நான் அவருக்கு இடது பக்கம் படுத்துகினு கூப்ட்டா திரும்ப மாட்டாரு. நானாதான் தெரிஞ்சிக்கினேன்."

அதே மிஷின் சத்தத்தில் நின்ற வரதனின் கை தன் காதுக்குப் போனது.

ஜாஸ்லினின் கல்யாண மேடையில், அப்பாவின் வலது பக்கத்திலிருந்து இடம் மாறி நிற்கச் சொன்ன போட்டோக்காரரிடம் அம்மா முடியவே முடியாது என்றாள். அன்றைக்கு எல்லார் முன்னாலும் ஜாஸ்லின் அவளைத் திட்டியிருந்தாள். இப்போது போனில் பாதியில் நின்ற வரியை ஜாஸ்லின் அழித்தாள். அம்மாவின் பெயரிலிருந்து தொடங்கினாள்.

அத்தை பெட்டியைச் சுற்றி வந்தாள். அம்மா ஓர் அடி நகர்ந்து இடம் விட்டாள்.

போதகர் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பெட்டியின் இடது பக்கம் நின்று வேதாகமத்தைத் திறந்தார்.

"ஐயா," என்றாள் அத்தை, மூக்கை உறிஞ்சியபடி. "இந்தப் பக்கம் வாங்க."