எடை குறைவாய் ஒரு கேமரா

அந்தப் பல் டாக்டருக்குப் பஞ்சுக்கை டாக்டர் என்று பெயர். ஊசி போட்டதே தெரியவில்லை என்று மரத்துப்போன வாயைக் கோணிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் வைத்த பெயர் அது. யாராவது முகத்துக்கு நேரே சொன்னால் காதில் விழாத மாதிரி இருப்பார், இன்னொரு தரம் சொல்லட்டும் என்று.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் காடு. வருஷம் ஒருமுறை க்ளினிக்கைப் பூட்டிவிட்டு, கழுத்தில் கேமராவோடும் கூடவே மனைவியோடும் கிளம்பிவிடுவார். ஆனால் போன பயணத்தில் எடுத்த படங்கள் அத்தனையும் பாழ். ஒரு மான் இரண்டு மானாகத் தெரிந்தது, மீன்கொத்தி வெறும் நீலக் கறையாக இருந்தது. ஊர் திரும்பியதும் பழி முழுவதையும் பழைய கேமராவின் தலையில் கட்டினார்.

"அந்த லென்ஸ தூக்கினா யாருக்குத்தான் கை ஆடாது? தூரத்துல இருக்கறத நல்லா இழுத்துக் காட்டணும், எடையும் இருக்கக் கூடாது. அப்படி ஒண்ணு வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்."

மனைவி பதில் பேசவில்லை. க்ளினிக்கில் நேரம் குறித்துக் கொடுப்பது முதல் கருவி எடுத்து நீட்டுவது வரை எல்லாம் அவள்தான்; எதற்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டாள். அப்படிப்பட்டவள் வாய் திறக்காததை டாக்டர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். புருஷன்மார்கள் எப்போதும் தங்களுக்கு வசதியாகத்தானே எடுத்துக்கொள்கிறார்கள்.

அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கேமராக் கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் மூன்று கேமராக்களைப் பரப்பினார். டாக்டர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தே விட்டார்.

"என்னங்க இது, உள்ள ஏதாவது இருக்கா இல்லையா?"

"எல்லாம் உள்ளதான் இருக்கு சார். லென்ஸ் மாத்தற தொல்லையே கிடையாது. வாசலுக்கு வாங்க. எதிர் மாடில தண்ணித் தொட்டிமேல புறா இருக்கு பாருங்க. அத இழுங்க."

டாக்டர் வாசலில் நின்று இழுத்தார். புறா மளமளவென்று பக்கத்தில் வந்தது. வந்ததே தவிர நிற்கவில்லை. திரைக்குள் மேலும் கீழுமாகத் துள்ளியது. எடுத்த படத்தில் புறா இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தீற்றல் ஒன்றுதான் இருந்தது.

"கை ஆடினாலும் படம் ஆடாம பாத்துக்கற வசதி உண்டுல்ல, அத போடலயா?"

"போட்டுத்தான் சார் இருக்கு."

இரண்டாவது கேமராவில் பிடி சரியில்லை என்றார். மூன்றாவதில் புறா இன்னும் மோசமாகத் துள்ளவே, "ரொம்ப லேசா இருக்கு, அதான்" என்றார். எடையைத் திட்டிக்கொண்டே கடைக்கு வந்த மனிதர்.

"முழங்கைய மேசைல ஊனிக்கிட்டு, கண்ணாடிக் கதவு வழியா பாருங்க சார்" என்றார் கடைக்காரர். ஊன்றினார். புறா சிலை மாதிரி நின்றது. டாக்டருக்கு உயிர் வந்தது.

"அப்ப கேமரா நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார்.

"நல்ல கேமரா சார். மேடம், நீங்க ஒரு தடவ வாசல்ல நின்னு எடுங்களேன்."

"எனக்கு எதுக்கு" என்று அவள் பின்வாங்கினாள். கடைக்காரர் விடவில்லை, கையில் திணித்துவிட்டார். எதிலும் சாயாமல், ஊன்றாமல், நின்றபடியே ஒரு படம் எடுத்தாள். புறாவின் கண்ணைச் சுற்றியிருந்த வளையம்கூடத் தெரிந்தது.

"மேடத்துக்கு நல்ல கை" என்று பாராட்டினார் கடைக்காரர். பாவம், அவர் என்ன கண்டார்.

டாக்டர், மேசையில் ஊன்றியிருந்த முழங்கையைத் தடவிக்கொண்டார். நோயாளியின் வாய்க்குள் வேலை செய்யும்போது மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொள்வது அவருடைய பழக்கம். படிக்கும்போதே சொல்லிக்கொடுத்து ஊறிப்போனது. விரல் ஊன்றியிருக்கும்வரை கை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஊன்ற எதுவும் இல்லாத கையை அவர் இத்தனை நாளாகப் பார்த்ததே இல்லை. இப்போது நீட்டிப் பார்த்தார். கேமரா இல்லாத வெறும் கை, தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆச்சரியம் துளிகூட இல்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"உனக்குத் தெரியுமா?"

"கொஞ்ச நாளாவே தெரியும். வாய்க்குள்ள அந்தச் சின்னக் கண்ணாடிய விடறப்ப பல்லுல டக் டக்குன்னு தட்டும். நீங்க பேசிக்கிட்டே வேலை செய்வீங்க, உங்களுக்குக் கேக்காது."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"எப்படிங்க சொல்லுவேன்?" அவள் குரல் இறங்கியது. "பல்லு புடுங்க வந்தவங்க, வேர் சிகிச்சைக்கு வந்தவங்க எல்லாரையும் நான்தான் அடுத்த தெரு க்ளினிக்குக்கு அனுப்பினேன். டாக்டருக்கு நேரமில்லன்னு சொல்லி. பல்லு சுத்தம் பண்ண வர்றவங்கள மட்டும் உங்ககிட்ட விட்டேன்."

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூட்டம் குறைந்ததற்கு அந்த அடுத்த தெருப் புது க்ளினிக்காரன் ஆள் பிடிக்கிறான் என்று அவர் கரித்துக்கொட்டாத நாளில்லை. அவள் எதிரே உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் க்ளினிக்கில் தனக்கே தெரியாமல் இவ்வளவு நடந்திருக்கிறது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டுவதற்கு வாயெடுத்தவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

"போன வாரம் உன் கடவாய்ப் பல்ல நான்தானே புடுங்கினேன்."

"ஆமா."

"தெரிஞ்சுமா வந்து உக்காந்த?"

"நானும் அங்க போனா உங்களுக்குத் தெரிஞ்சுடுமே."

கடைக்காரர் ஏதோ புரிந்தவராக உள்ளே நகர்ந்தார். டாக்டர் வாசல் வெளிச்சத்துக்கு அவள் முகத்தைத் திருப்பி, "வாயத் திற" என்றார். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட யோசிக்காமல் அவள் திறந்தாள். பல் இருந்த குழிக்குத் தள்ளி, கருவிக்கு வேலையே இல்லாத இடத்தில், கன்னத்தின் உட்புறம் நெடுகக் கிழிந்து ஆறிக்கொண்டிருந்தது.

"வலிச்சுதா?"

"அப்ப மரத்திருந்துது. அப்புறந்தான்."

அவள் முகத்திலிருந்து கையை எடுத்தார்.

"நாளைக்கு மொதல்ல வர்றது யாரு?"

"ஒரு ஸ்கூல் டீச்சர். சுத்தம் பண்ணத்தான், வேற ஒண்ணுமில்ல."

"நம்பர் போட்டுக் குடு."

அவள் போட்டுக் கொடுத்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"டாக்டர்தான் பேசறேன்மா. நாளைக்கு வர வேண்டாம். எனக்குக் கை நடுங்குது."